ஒன்பது குழிகளின் பெயர்கள்

அந்த ஒன்பது குழிகளுக்கும் ஏ, பீ, சீ என்று எழுத்து வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது, இவள் மட்டும் என்ன ஒழுங்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

தம்பிராஜா ஐயா எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் தோட்டப் பகுதி மேற்பார்வையாளர். வயது ஐம்பத்திரண்டு. அவரும் மனைவி சிவமணியக்காவும் குண்டசாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. முன்னறையை எனக்கு வாடகைக்குத் தந்திருந்தார்கள். நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறாள், அப்பா கவ்வாத்து வெட்டுகிறார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்கு மேலே மாட்டிவைத்தார். பட்டம் வாங்கிய கையோடு வளாகத்துச் சுற்றாடல் குழுவில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவது, தேத்தண்ணி சொல்வது, பேசியதை ஆங்கிலத்தில் தட்டெழுதுவது, இவ்வளவுதான் வேலை.

வளாகம் முழுவதும் மரம். தை, மாசியில் கூட்டி முடித்த பாதை திரும்பிப் பார்ப்பதற்குள் இலையால் மூடிப்போகும். அதைக் குவித்து எரிப்பதுதான் வழக்கம். விடிந்தால் புகை. படிக்கும்போது விரிவுரை மண்டபத்துக்குள் இருமிக்கொண்டே குறிப்பெழுதுவோம். ஏழு விடுதிகளில் சமைக்கும் குசினிக் கழிவு ஓடையில் விழுந்து ஆற்றுக்குப் போகும். இதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்றுதான் குழு அமைத்தார்கள். நாலு கூட்டம் நடந்தது. நாலிலும் ரோல்ஸ் தீர்ந்தது, முடிவு வரவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்கு உழவு இயந்திரம் பழுது என்று சொல்ல வந்த ஐயா, கதவடியில் நின்றபடியே, எரிக்காமல் மண்ணில் தாட்டுவிடலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமத்தின் வடக்கு ஓரம். அங்கே புகையிலைத் தோட்டத்தில் நிரைக்கு நிரை கிடங்கு வெட்டி, பூவரசங்குழையும் வேப்பங்குழையும் போட்டு மண்ணால் மூடுவார்கள். குழை தாட்கிறது என்பார்கள். அதற்கென்றே வேலியில் பூவரசு வளர்ப்பார்கள். "எங்கட ஊரில இலையை எரிக்கிறவனுக்கு ஒருதரும் பொம்பிளை குடாயினம் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். சிவமணியக்கா உள்ளேயிருந்து, இவருக்குக் கொடுத்ததே அதை மட்டும் பார்த்துத்தான் என்றாள்.

குழுவும் சரி என்றது. ஒரு வருடத்துக்குள் ஒன்பது குழி. ஆளின் இடுப்பளவு ஆழம். இலை ஒரு அடுக்கு, குசினித் தோல் ஒரு அடுக்கு, மாட்டுப் பண்ணைச் சாணி, மேலே மண். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிரட்ட வேண்டும். ஐயா ஒரு நீள இரும்புக் கம்பியைக் குழிக்குள் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு என்றால் முகம் மலர்ந்துவிடும். பெண்கள் விடுதிக் குசினியில் வேலை செய்த மடவளை றம்லத் ராத்தா பலாத் தோலும் வாழைப்பூ மடலும் கூடையில் கொண்டுவந்து கொட்டுவாள். "ஒங்கட குழி நல்லாத் திங்குது அண்ணே. எங்கட பிள்ளைகள்தான் சோத்த மிச்சம் வைக்கிறாளுகள்" என்பாள்.

குழிகள் எங்கே, எதை எப்போது பிரட்டுவது என்று ஐயா ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கம் பென்சிலால் படம் கீறி வைத்திருந்தார். படத்தில் கட்டிடங்கள், பாதைகள், ஒன்பது வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு பெயரும் திகதியும். கிழக்குக் கலட்டி. சின்னப்புலம். செம்பாட்டுத்தறை. நாவலடி. வடலிக்காடு. மூத்தவளவு. இப்படி ஒன்பதும் ஊரில் அவருடைய காணிகளின் பெயர்கள். யாழ்ப்பாணத்தில் துண்டுக் காணிக்கும் பெயர் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் தோட்டத்தில் மலைகளுக்கு நம்பர். பெயர் வைக்க எங்களுக்கு ஒரு அடி மண்ணும் கிடையாது.

ஏன் இப்படி என்று கேட்டேன். "நம்பர் போட்டா மறந்துபோவன் பிள்ளை. பேர் போட்டா கால் தானாப் போகும்" என்றார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் அடிபட்டு ஊருக்கு ஓடியவர் அவர். ஒன்றரை வருடம் அந்தத் துண்டுக் காணிகளைக் கொத்தித்தான் சீவித்தார். பிறகு வேலைக்குத் திரும்பி வந்தார். அக்கா ஊரிலேயே இருந்து தோட்டத்தைப் பார்த்தாள். தொண்ணூறில் இராணுவம் ஊரை எடுத்துக் கம்பிவேலி அடித்தது. அக்கா ஒரு பையோடு கண்டிக்கு வந்து சேர்ந்தாள். அதோடு சரி. வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே பேச்சுத் தொடங்கிவிடும். இண்டைக்குக் கிழக்குக் கலட்டி பிரட்டினது என்பார். கலட்டியில் தண்ணி நிற்காது, கல்லு, ஈரம் காணாமல் போகும், வாழைக் குத்தி போடுங்கோ என்று அக்கா புட்டை அவித்தபடி சொல்வாள். அவள் வளாகத்தைக் கண்ணால் கண்டதில்லை. கலட்டியில் அந்த மூலையில் பாம்பு கிடக்கும், கவனம் என்பாள். ஓம், ஓம் என்பார். முன்னறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வருவது நின்றது. ஒரு நாள் அவர் தாமதமாக வந்தார். "எங்க, மூத்தவளவிலயோ நிண்டனீங்கள்?" என்று அவள் கேட்ட குரலில் விளையாட்டே இல்லை. மூத்தவளவு அவர்கள் வீடு இருந்த காணி.

வருட முடிவில் குழு ஆங்கிலத்தில் அறிக்கை போட்டது. தட்டெழுதியது நான். அட்டையில் குழுத் தலைவர் ஆவி பறக்கும் குழிக்குப் பக்கத்தில் நின்றார். சுற்றாடலோடு நிலைத்து நிற்கும் வளாகம் என்று தலைப்பு. கலட்டி, புலம், தறை என்று எழுதினால் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கும் என்று நினைத்தேன். நானே பட்டிக்காடு. அதனால்தான் அந்தப் பயம். ஏ முதல் ஐ வரை எழுத்துப் போட்டேன். ஐயாவிடமும் சொன்னேன், இங்கிலீஷ் அறிக்கையில் உங்கள் பெயர்கள் சரிவராது என்று. "அதுக்கென்ன, போடு பிள்ளை" என்றார். அவருடைய பெயரையும் அறிக்கையில் எங்கும் போடவில்லை. யாரும் போடச் சொல்லவுமில்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கண்டியில் தமிழில் தும்மவும் யோசித்தோம். ஒன்பதாம் நாள் காலை நானும் ஐயாவும் ஒரே பஸ்ஸில் போனோம். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஐயாவின் சேட்டுப் பையில் அந்தக் கலண்டர்த் தாள். பொலிஸ்காரர் விரித்தார். வளாகத்தின் படம். ஒன்பது வட்டம். தமிழில் பெயர், பக்கத்தில் திகதி.

நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொஹோர, பசளை, இலை என்று சொன்னேன். ஐயாவை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்தார்கள், புசல்லாவை, யாழ்ப்பாணம் இல்லை. ஏறு என்றார்கள். ஏறினேன். பஸ் வெளிக்கிட்டபோது ஐயா என்னைப் பார்த்துக் கையால் போ போ என்று காட்டினார்.

மூன்றாம் நாள்தான் எந்த நிலையத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. அக்கா விடிய எழும்பி இடியப்பமும் சொதியும் கட்டுவாள். மேசையில் இருந்தவர் பேனையால் இடியப்பத்தைக் குத்திக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். இரண்டு நிமிடம் பார்க்க விடுவார்கள், பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் நிற்பார். நித்திரை கொண்டனீங்களோ என்று இவள் கேட்பாள். ஓம் என்பார். நீர் சாப்பிட்டனீரோ என்று அவர் கேட்பார். ஓம் என்பாள். இரண்டும் பொய். பனி கொட்டும் காலையில் பஸ்ஸுக்கு நின்று, வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து, அவருடைய சேட்டுகளை மறுபடி மறுபடி தோய்த்தாள். தோய்க்க ஊத்தை இல்லாத சேட்டுகள். பின்னேரம் கால் கழுவும் நேரம் வந்தால் குழாயடியைப் பார்த்தபடி குசினி வாசலில் நிற்பாள். நான் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வாள். ஆனால் கண் அங்கேயே நிற்கும்.

பொலிசார் வளாகத்துக்கு வந்து ஒன்பது குழியையும் கொத்திக் கிளறினார்கள். ஆவி வந்தது. மண்புழு வந்தது. பெண்கள் விடுதிக் குழியில் ஒரு உடைந்த சிரட்டைக் கரண்டி வந்தது. அது தன்னுடைய குசினிக் கரண்டி என்று றம்லத் ராத்தா முன்னால் போய் நின்று சிங்களத்தில் சொன்னாள். கரண்டியையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஐயாவின் இரும்புக் கம்பியும் போனது. "இந்த மனுசன் பொதச்சதெல்லாம் நான் குடுத்த குப்ப. எங்க வேணும்னாலும் வந்து செல்றன். மவுத்தாப் போனாலும் இததான் செல்லுவன்" என்று அக்காவிடம் வந்து சொல்லி அழுதாள்.

குழியில் ஒன்றும் இல்லை, விட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். பொறுப்பதிகாரி குரல் உயர்த்தாத மனிதர். என்னை இருத்தி அறிக்கையை எடுத்துக் காட்டினார். நீங்கள் எழுதியதா என்றார். ஆம் என்றேன். இதில் ஏ, பீ, சீ இருக்கிறது, அந்தப் படத்தில் வேறு பெயர்கள் இருக்கின்றன, வளாகத்தில் அப்படி இடங்கள் இல்லை, இவை எந்தச் சங்கேதம் என்று கேட்டார். ஊர்க் காணிகள் என்றேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். நான் அறிக்கையில் அந்தப் பெயர்களையே எழுதியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். என் மொழிக்கு வெட்கப்பட்டு நான் அடித்த அந்த எழுத்துகள் மேசையில் கிடந்தன.

குழுத் தலைவரிடம் போனேன். ஒரு கடிதம் போதும், இந்தக் குழிகள் குழுவின் வேலை, பெயர் வைத்தது ஒரு தொழிலாளியின் வசதிக்கு என்று. அவர் என்னை இருக்கச் சொன்னார், கதவைச் சாத்தினார். குழுவின் பதிவில் யார் பெயரும் இல்லையே என்றார். தமக்கும் மனவருத்தம்தான் என்றார். நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். "அட்டையில நீங்க நிக்கிறது எந்தக் குழி சார்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நாவலடி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த கிழமையே பாதுகாப்பு கருதிக் குழிகளை மூடச் சொல்லி அறிவித்தல் வந்தது. இலையை மறுபடி எரித்தார்கள். அந்த அறிவித்தலையும் என்னிடம்தான் தட்டெழுதக் கொடுத்தார்கள். மாட்டேன் என்றேன். அந்த மாதத்தோடு என் தற்காலிகமும் முடிந்தது.

முத்துலிங்கம் என்று ஒரு சட்டத்தரணி, அக்காவுக்குத் தூரத்து உறவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். பொலிசிடம் வேறு சாட்சி இல்லை, அந்தப் பெயர்கள்தான் இடைஞ்சல் என்றார். காணி உறுதிப் பத்திரங்களில் காணியின் பெயர் எழுதியிருக்குமே, இருக்கின்றனவா என்று கேட்டார்.

அக்கா எழுந்து போய் அலுமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். தொண்ணூறில் அவள் கொண்டுவந்த பை. நகை எடுக்கவில்லை, படம் எடுக்கவில்லை, இதைத்தான் எடுத்தாள். உரப்பைப் பொலித்தீனில் சுற்றிய நாலு உறுதி. தாள் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. நாலிலுமாக ஒன்பது பெயர், பரப்பு, எல்லை, கிணற்றுப் பங்கு.

சட்டத்தரணி மூலப் பிரதிதான் வேண்டும் என்றார். வழக்கில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள், அது முடியும்வரை நீதிமன்றத்தில்தான் இருக்கும், எப்போது முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பொருள் அறையில் போன கடதாசி திரும்பி வந்ததைத் தான் அதிகம் கண்டதில்லை என்றும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். இந்த உறுதிகளின் பதிவுகள் ஊரில் எந்தக் கந்தோரில் இருந்தனவோ, அந்தக் கந்தோர் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாளை வேலியைத் திறந்தாலும் இது என் காணி என்று காட்ட அந்த நாலு தாளைத் தவிர வேறில்லை.

அவர் போனபின் அக்கா பாயில் இருந்தாள். உறுதிகளை மடியில் விரித்து வைத்திருந்தாள். வெளியே குயில் ஒன்று விடாமல் கூவியது.

"போட்டோக் கொப்பி எடுத்து வச்சுக்குவோம்க்கா" என்றேன்.

"எடுப்பம். கொப்பியைக் காட்டினா ஆமிக்காரன் வேலியைத் திறப்பானோ?"

"அக்கா, ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேக்கக் கூடாது." தாளில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "கேட்டா வேண்டாம் எண்டுவார். அவர் மறியலில கிடந்து செத்தாலும் கலட்டியைக் குடாதே எண்டுவார். எனக்குத் தெரியும் அவரை. அவற்ற அப்பு வட்டுக்கோட்டையில இருந்து தலையில குழை சுமந்து பசளையாக்கின மண் அது. முதல் உழவுக்கு நான்தான் கஞ்சி கொண்டு போனனான்."

"அப்ப ஏன்க்கா?"

"பிள்ளை, எட்டு வருசமா நான் இந்தத் தாளோட படுக்கிறன். ஒவ்வொரு மழைக்கும் எடுத்துப் பாப்பன், நனைஞ்சிட்டுதோ எண்டு. இதைப் பாத்தாத்தான் எனக்கு நித்திரை வரும். இப்ப பதினாறு நாளா நான் இதை எடுக்கேல்லை. எடுக்க வேணும் எண்டு நினைப்பே வரேல்லை." தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அப்ப எனக்கு விளங்கிச்சுது."

பிறகு ஒவ்வொரு பெயரையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். எது எந்தப் பக்கம், எதில் எந்த மரம், எதில் யாரோடு எல்லைச் சண்டை. சண்டையைச் சொல்லும்போது மட்டும் குரலில் உயிர் வந்தது. வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளிப் போட்ட அயலவர் நல்லம்மாவை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த நல்லம்மாவும் இப்போது வவுனியா முகாமில்தான். "அவள் வந்தாளெண்டா அந்த ஒரு முழத்தையும் குடுத்திடுவன்" என்றாள். கடைசி உறுதியைப் பொலித்தீனில் சுற்றுவதற்கு முன் முகர்ந்து பார்த்தாள். பிறகு பையில் வைத்தாள்.

மறுநாள் சட்டத்தரணியோடு நீதிமன்றத்துக்குப் போய் நாலையும் கொடுத்தோம். ஒரு சிவப்பு நூலால் கட்டி, ஒரு துண்டுத் தாளில் இலக்கம் எழுதிக் கோர்த்தார்கள். பற்றுச்சீட்டைச் சட்டத்தரணி வாங்கிக்கொண்டார். அக்கா வாங்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐயா மெலிந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. கூண்டில் ஏறியதும் எங்களைத் தேடிப் பார்த்து, அக்காவைக் கண்டதும் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். உறுதி கொடுத்த விடயம் அவருக்குத் தெரியாது. நிலையத்தில் பார்க்க விட்ட அந்த இரண்டு நிமிடங்களில் அக்கா அதைச் சொல்லவில்லை.

பொலிஸ் தரப்பில் ஒருவர் கலண்டர்த் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மொழிபெயர்ப்பாளர் சிவப்பு நூலை அவிழ்த்தார். சிங்களவர், ஓரளவு தமிழ் படித்தவர். முதல் உறுதியைத் தூக்கிப் பிடித்து "கிலக்குக் களட்டி" என்று வாசித்தார். தாளில் பார்த்து, இருக்கிறது என்றார் பொலிஸ்காரர்.

ஐயா முதலில் அந்தக் குரல் வந்த பக்கத்தைத்தான் பார்த்தார். பிறகு அந்தத் தாளின் நிறத்தை. பிறகு மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்புலம். இருக்கிறது. செம்பாட்டுத்தறை. இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஐயாவின் உதடு சத்தமில்லாமல் அதைத் திருத்திச் சொன்னது. கண்டி நகரத்து நீதிமன்றத்தில், அவருடைய மண் துண்டுதுண்டாக வாசிக்கப்பட்டது. பின்னால் இருந்தவர்கள் தங்கள் வழக்குக்குக் காத்திருந்து கொட்டாவி விட்டார்கள்.

ஒன்பதாவது பெயர் மூத்தவளவு. நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்தக் காணி எங்கே இருக்கிறது என்று சந்தேக நபரையே கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னால் முடிந்தது. சட்டத்தரணி தலையை ஆட்டி, சொல்லுங்கள் என்று சைகை காட்டினார்.

ஐயா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொம்பிளைப் பிள்ளையளின்ர விடுதிக்குப் பின்னால, ஐயா. மதிலோட."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். நீதவான் உறுதியில் உள்ள காணியைக் கேட்பதாக மறுபடி சொன்னார்.

"அது இருக்குதோ தெரியாது ஐயா. பாத்து எட்டு வருசம்" என்றார். அதன் பிறகுதான் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு விட்டுவிட்டார்கள். உறுதிகள் வழக்குப் பொருளோடு இருக்கட்டும் என்று உத்தரவு. இன்றுவரைக்கும் இருக்கின்றன. நான் மூன்று தடவை விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டேன், மூன்றையும் தமிழில்.

வெளியே சுள்ளென்ற வெயில். ஐயா செருப்பில்லாத காலைத் தாரில் மாற்றி மாற்றி வைத்தார். அக்கா தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டாள். அவர் போடவில்லை.

"மூத்தவளவின்ரயும் குடுத்திட்டீரோ?"

"எல்லாத்தையும்."

"ஒண்டையாவது வச்சிருக்கலாம்."

"எதை வைக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ, எதை?"

குண்டசாலை பஸ் வந்தது. அக்கா முதலில் ஏறி அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள். நான் பின் இருக்கையில் இருந்து இருவரின் தலையையும் பார்த்துக்கொண்டு வந்தேன். வழி முழுவதும் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை விரலை மடக்கினார், பிறகு நிமிர்த்தினார். அக்கா அவருடைய முழங்கையோடு தன் முழங்கை முட்டும்படி மட்டும் இருந்தாள்.

இறங்கி ஒழுங்கைக்குள் பாதி தூரம் வந்த பிறகு அவர் நின்றார்.

"நாவலடி" என்றார். "நாவலடியை வச்சிருக்கலாம்."

"ஏன், மூத்தவளவை இல்லையோ?"

"மூத்தவளவில வீடு இருந்தது. வீடு இப்ப இராது. கிணறும் இராது. நாவலடி வெறுந்தறை. இடிக்கவும் ஒண்டுமில்லை, பிடுங்கவும் ஒண்டுமில்லை. அது அப்பிடியே கிடக்கும்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஓம், அது கிடக்கும் என்றாள்.